கொயோட்டித் தோல்: உரிப்பது முதல் விற்பது வரை

கொயோட்டி என்ற வட அமெரிக்கக் காட்டு நாயின் தோலை வாங்க வருபவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று ஒருமுறை பார்த்தாலே போதும், இந்த வேலையில் எதற்கு எவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது விளங்கிவிடும். ஒரு கையில் மூக்கையும் மறு கையில் இடுப்பையும் பிடித்து ஓர் உதறு உதறுவார். முடி எழும்பி நின்று மெல்ல அடங்க வேண்டும். பிறகு முதுகில் வாயால் ஊதுவார். மேல்முடி விலகும் இடத்தில் அடிமுடி எவ்வளவு அடர்த்தி என்பது தெரிந்துவிடும். வயிற்றோரத்து முடியை விரலால் லேசாக இழுத்துப் பார்ப்பார். கையோடு வந்தால் தோல் அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கடைசியாகப் பின்பக்கத்தைத் தூக்கி உட்புறத்தை முகர்ந்து பார்ப்பார். அவ்வளவுதான், விலை முடிவாகிவிடும்.

கத்தி கிழித்ததைத் தைத்துவிடலாம். ஈரம் கெடுத்த தோலுக்கு வைத்தியம் கிடையாது. அதனால் கீழே எந்தப் படியைச் சொன்னாலும் பேச்சு ஈரத்தில் வந்து நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன்

இது முழுக்கக் கனடா, அமெரிக்கச் சமாச்சாரம். கொயோட்டி வட அமெரிக்கா எங்கும் திரியும் காட்டு நாயினம். பண்ணைகளில் ஆட்டுக்குட்டி தூக்கும், நகரத்துக்குள்ளும் வரும். எண்ணிக்கையில் குறைவே இல்லாத விலங்கு என்பதால் பெரும்பாலான மாநிலங்களில் அதை வேட்டையாட அனுமதி உண்டு. ஆனால் பருவம், பொறி, உரிமம் பற்றிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வேட்டையாட ஓர் அனுமதியும் தோலை விற்க வேறோர் அனுமதியும் கேட்கும் இடங்களும் உண்டு. உங்கள் பகுதி வனவிலங்குத் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கத்தியை எடுங்கள். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் ஊரில் நரித்தோல் வியாபாரம் நேராகச் சிறைக்கு வழி. இங்கே படித்ததை அங்கே செய்து பார்க்க வேண்டாம். 

சந்தையைப் பற்றியும் ஆசை காட்டாமல் சொல்லிவிடுகிறேன். கொயோட்டி முடியின் பெரிய வாடிக்கையாளர் குளிர்கால அங்கியின் தலைமூடி ஓரம். முகத்தைச் சுற்றிக் காற்றைத் தடுக்கும் அந்த ரோமப் பட்டைக்காகவே சில ஆண்டுகள் விலை நன்றாக ஏறியது. பிறகு 2019 இல் டொராண்டோவின் பெரிய ஏல நிறுவனமான நாஃபா கடனில் மூழ்கி நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. 2021 இல் குளிர்கால அங்கி தயாரிக்கும் கனடா கூஸ் நிறுவனம் இனி ரோமம் வாங்குவதில்லை என்று அறிவித்தது. கலிஃபோர்னியாவில் புதிய ரோம ஆடை விற்பதற்கே 2023 முதல் தடை. ஒன்டாரியோவின் நார்த் பே நகரில் ஏலம் இன்னும் நடக்கிறது, ஊர் வியாபாரிகளும் இருக்கிறார்கள். ஆனால் தேவை குறைந்த சந்தையில் நல்ல தோலுக்கு நல்ல விலை, சுமாரான தோலுக்குச் சுமாரான விலை என்ற கணக்கு ஓடாது. சுமாரானதை யாரும் தொடுவதே இல்லை.

எது உரிக்கத் தகுந்தது

மொன்டானா, வடக்கு டகோட்டா, ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவான் போன்ற குளிர்ந்த சமவெளிகளில் முடி நவம்பர் கடைசியில் முற்றும். ஜனவரி முதல் பாதி வரை அதன் உச்சம். அதற்கு மேல் படுத்து எழுந்து தோளிலும் தொடையிலும் முடி தேயத் தொடங்கும். பிப்ரவரியில் இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டால் தேய்மானம் வேகமாகும். முற்றாத காலத்துத் தோலை உரித்துப் பார்த்தால் உட்புறம் நீலக் கருப்பாக இருக்கும், முற்றியது வெளிர்ந்த வெண்மையாக இருக்கும். அக்டோபரில் கண்ணில் பட்டதை எல்லாம் சுட்டுக் குவித்துவிட்டு விலை கிடைக்கவில்லை என்று புலம்புபவர்களுக்கு அந்த நீலமே பதில்.

சொறி பிடித்ததை விட்டுவிடுங்கள். வால் எலி வால் போல ஒட்டிக் கிடக்கும், இடுப்பில் தோல் தடித்துப் பொருக்கு தட்டியிருக்கும். அந்தச் சொறிப்பூச்சி உங்கள் கைக்கும் தற்காலிகமாகத் தாவி அரிக்க வைக்கும். அதில் விற்கிற மாதிரி எதுவும் மிஞ்சாது.

ஆரோக்கியமாகத் தெரிந்தாலும் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. வெறிநாய்க்கடி நோய், துலரீமியா என்ற பாக்டீரியாக் காய்ச்சல் இரண்டும் இந்த விலங்கில் உண்டு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழு. அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் பின்பக்க முடியில் ஒட்டியிருக்கும். மனிதன் வயிற்றுக்குள் போனால் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் ஈரலைத் தின்னும். வீட்டு ஃபிரீசரில் வைத்தால் அது செத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். சாகாது. கையுறை, முகக்கவசம், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது, பக்கத்தில் காபிக் கோப்பை வைக்காமல் இருப்பது, இவைதான் பாதுகாப்பு. வயிற்றைக் கிழிக்கும் தேவை இந்த வேலையில் எங்கும் வராது, கிழித்துவிடாதீர்கள்.

உடல் ஆற ஆறத் தெள்ளுப்பூச்சியும் உண்ணியும் வேறு இடம் தேடிக் கிளம்பும். நீங்கள்தான் அருகில் இருப்பீர்கள். பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டுப் பூச்சிமருந்து அடித்துச் சிறிது நேரம் கட்டி வைப்பது வழக்கம். ஆனால் சூடு ஆறாத உடலை மணிக்கணக்கில் பைக்குள் விட்டால் வயிறு பச்சை நிறமாகிவிடும், அங்கே முடி கழன்றுவிடும். பூச்சி செத்ததும் உடனே வெளியே எடுங்கள்.

உரிப்பது

சூடு இருக்கும்போது உரிப்பதுதான் சுலபம். தோல் கையாலேயே விலகி வரும். முடியாவிட்டால் குளிரில் விரித்துப் போட்டு ஆற வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். உறைந்து கட்டையாகிவிட்டால் மிதமான குளிருள்ள அறையில் மெல்ல இளக விட வேண்டும். அடுப்புப் பக்கம் போட்டால் வெளித்தோல் வெந்து போகும், உள்ளே ஐஸ் அப்படியே இருக்கும்.

கத்தி வைப்பதற்கு முன் சீப்பு. ஒட்டுமுள், காய்ந்த சேறு, எல்லாவற்றையும் இப்போதே வாரி எடுத்துவிடுங்கள். முடிக்குள் ஒரு முள் ஒளிந்திருந்தால், பின்னால் சதை வழிக்கும்போது அந்த இடத்தில் தோல் புடைத்து நிற்கும். கத்தி புடைப்பைச் சீவிக்கொண்டு போகும், ஓட்டை விழும்.

கொயோட்டியை வயிற்றோடு பிளந்து விரிக்கும் வழக்கம் இல்லை. பின்னங்கால்களில் மட்டும் திறந்து, பனியனைத் தலைவழியாகக் கழற்றுவது போல முழுக் குழாயாக இழுத்து எடுப்பார்கள். குதிகால் மூட்டில் தொடங்கி, தொடையின் பின்புறமாக, நிறம் மாறும் கோட்டைப் பிடித்து ஆசனவாய் வரை ஒரு வெட்டு. மறு காலிலும் அதே போல. இரண்டும் நேராக அமைந்தால்தான் பிறகு காயவைக்கும் பலகையில் பின் ஓரம் சமமாக வரும். கத்தியின் கூர் முனை மேல்நோக்கி, தோலுக்கு அடியிலிருந்து வெட்டட்டும். மேலிருந்து அறுத்தால் முடி துண்டு துண்டாகப் பறந்து எல்லாவற்றிலும் ஒட்டும். பாதங்களை மூட்டோடு விட்டுவிடலாம், ரோமச் சந்தைக்கு அவை வேண்டாம். பாடம் செய்து வைக்கக் கேட்பவருக்கு மட்டும் நகத்தோடு வேண்டும்.

பின்னங்கால்களைக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட்டு வாலுக்கு வாருங்கள். அடிப்பகுதியில் சில அங்குலம் தோலை விலக்கி, வால் எலும்பை இடுக்கியால் கவ்வி, ஒரே சீராக இழுத்தால் எலும்பு உருவிக்கொண்டு வரும். வெடுக்கென்று இழுத்தால் வால் அறுந்து கையில் நிற்கும். எலும்பு வந்ததும் வாலின் அடிப்புறத்தை நுனி வரை பிளந்துவிட வேண்டும். நுனியில் சுண்டுவிரல் அளவு விட்டாலும் அந்தக் குழாய் காயாது, அங்கே அழுகி வால் நுனி மொட்டையாகும்.

அப்புறம் கைதான் கத்தி. முஷ்டியால் தள்ளித் தள்ளி இறக்குங்கள். வயிற்றோரத்திலும் அக்குளிலும் தோல் மெல்லியது, அங்கே அவசரம் கூடாது. முன்னங்காலை முழங்கைக்குக் கீழே வரை உருவி வெட்டிவிடலாம். கழுத்தில் தோல் இறுகப் பிடிக்கும், அங்கிருந்து கத்தி மறுபடி வேலைக்கு வரும். காதுக் குருத்தெலும்பை மண்டையோடு ஒட்டி அறுக்க வேண்டும். கண்ணுக்கு வரும்போது இடது விரலை வெளியிலிருந்து கண் குழிக்குள் வைத்து, இமை எங்கே என்று உணர்ந்தபடி எலும்பை உரசி வெட்டுங்கள். உதட்டையும் மூக்கையும் தோலோடு விட்டுவிடுங்கள்.

கழுவுவது

இதில் இரண்டு கட்சி உண்டு. கொயோட்டியைக் கழுவவே கூடாது, துடைத்தால் போதும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இரத்தமோ சேறோ பட்ட தோலைக் கழுவாமல் விற்க முடியாது என்பது என் கட்சி. கழுவிய முடி மலர்ந்து நிற்கும், நாற்றமும் போகும். சுத்தமாகவே வந்த தோலைச் சும்மா நனைக்க வேண்டியதில்லை என்பதில் மட்டும் அவர்களோடு ஒத்துப்போகிறேன்.

குளிர்ந்த நீர் மட்டும். வெந்நீர் பட்டால் இரத்தக் கறை படிந்துவிடும், முடி வேரும் தளரும். வாளி நீரில் பாத்திரம் கழுவும் சோப்பு கொஞ்சம் விட்டு, தோலை முக்கி, கறை உள்ள இடத்தை விரலால் மட்டும் பிசையுங்கள். ஊற வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசி, கையால் வழித்து நீரை இறக்குங்கள். துணி போல முறுக்கிப் பிழியக் கூடாது. வெளியே போய் நன்றாக உதறி, முடி வெளிப்பக்கம் இருக்கும்படி மூக்கில் மாட்டி மின்விசிறி முன்னால் தொங்கவிடுங்கள்.

முடி காயும்வரை அடுத்த படிக்குப் போகக்கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி வைக்கலாம். அடுத்து தோலை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் காயவைக்கும் சட்டத்தில் ஏற்றப் போகிறோம். அப்போது முடி எல்லாம் உள்ளே அடைபட்டிருக்கும், காற்றே படாது. ஈர முடி அங்கே கிடந்தால் வெளியே தோல் ஜம்மென்று காய்வது போலத் தெரியும், உள்ளே முடி கழன்றுகொண்டிருக்கும்.

சதை வழிப்பது

இடுப்புயரத்தில் சாய்த்து நிறுத்திய வழவழப்பான மரக்கட்டையும் இருபக்கப் பிடி உள்ள கத்தியும் வேண்டும். தோலைக் கட்டையில் மாட்டும்போது மூக்கு மேலே. காதுக்குப் பின்னால் தொடங்கி வாலை நோக்கித் தள்ள வேண்டும். கத்தியின் மழுங்கிய விளிம்பு கொழுப்பைத் தள்ளுவதற்கு, கூரான விளிம்பு கழுத்திலும் தோளிலும் உள்ள சிவப்புச் சதையைச் சீவுவதற்கு. ரக்கூன் போலக் கொயோட்டியில் கொழுப்பு அதிகம் இருக்காது. கழுத்து, தோள், விலா, வாலடி, இந்த நான்கும் முடிந்தால் வேலை பெரும்பாலும் முடிந்தது.

புதியவர்கள் இங்கே செய்வது அளவுக்கு மீறிய சுத்தம். தோலோடு ஒட்டிய மெல்லிய சவ்வு இருக்கட்டும். அதையும் சுரண்டினால் முடியின் வேர்கள் கரும்புள்ளிகளாகத் தெரியத் தொடங்கும். இன்னும் இரண்டு தள்ளல், முடி உள்ளிருந்து உருவிக்கொண்டு வரும். பெண் விலங்கின் முலைக்காம்புகளில் கத்தியைத் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வரிசையாக ஓட்டை விழும். வழித்த பின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கெட்டி மரத்தின் தூளைத் தூவித் தேய்த்து உதறலாம். வாலின் உட்புறத்தையும் மறக்காதீர்கள்.

துப்பாக்கிக் குண்டு துளை, கத்தி வெட்டு எல்லாவற்றையும் இப்போது, தோல் பச்சையாக இருக்கும்போதே, உட்புறத்திலிருந்து தைத்துவிட வேண்டும். மெழுகு பூசிய நூல் நல்லது. வட்ட ஓட்டையை அப்படியே இழுத்துத் தைத்தால் இரண்டு முனையிலும் சுருக்கம் விழும். சற்று நீள்வட்டமாகத் திருத்திக்கொண்டு தைத்தால் படிந்து நிற்கும். முடியை மறுபக்கம் ஒதுக்கிவிட்டுத் தைக்க வேண்டும், தையலில் சிக்கினால் வெளியே குழி தெரியும்.

உப்பு வேண்டாம்

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் மண்டி பார்த்து வளர்ந்தவர்கள் இந்தக் கட்டத்தில் உப்பைத் தேடுவார்கள். அங்கே ஆட்டுத்தோலுக்கு உப்புத்தான் உயிர். அங்கே முடியை எப்படியும் நீக்கிவிடுவார்கள், தோல் ஈரமாகவே தொழிற்சாலைக்குப் போகும். ரோமச் சந்தைக்குப் போகும் கொயோட்டி வெறும் காற்றில் காய வேண்டும். உப்புப் போட்ட தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். இன்று மொடமொடப்பாக இருப்பது மழை நாளில் மறுபடி சதசதவென்று ஆகும். வாங்குபவர்கள் உப்புத் தோலை ஒதுக்கிவிடுவார்கள். பாடம் செய்பவருக்குத் தனியாக விற்பதாக இருந்தால் மட்டும் அவரைக் கேட்டு உப்பிடுங்கள்.

சட்டத்தில் ஏற்றுவது, திருப்புவது

கம்பிச் சட்டம் மலிவு, வேகம். மரப்பலகையில் வடிவம் அழகாக வரும். பலகை என்றால் ஏல நிறுவனங்கள் சொல்லும் அளவுப்படி செய்தது நல்லது, ஏனென்றால் நீளத்தை மூக்கிலிருந்து வாலடி வரை அளந்துதான் அவர்கள் தரம் பிரிப்பார்கள். பலகையோடு வயிற்றுப்பக்கம் செருகும் நீண்ட ஆப்பு ஒன்று வேண்டும். காய்ந்த தோல் பலகையை இறுகப் பிடித்துக்கொள்ளும்போது அந்த ஆப்பை உருவினால் தளர்ந்து வந்துவிடும்.

முதல் கட்டத்தில் முடி உள்ளே, தோல் வெளியே. மூக்கு நுனியில், முதுகு ஒரு பக்கத்தின் நடுவில், வயிறு மறுபக்கம். கண்களும் காதுகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்தாலே முதுகுக் கோடு நேராக இருக்கிறதா என்பது தெரியும். கீழே இழுத்துக் குண்டூசி குத்துங்கள். இழுப்பதில் பேராசை கூடாது. நீளம் கூடும், ஆனால் முடி பரவி மெலிந்து தெரியும். வாலையும் விரித்துக் குண்டூசி குத்துங்கள். முன்னங்கால் குழாய்களில் சுருட்டிய அட்டையைச் செருகினால் உள்ளே காற்று போகும். அறை 15 முதல் 18 டிகிரி வரை இருந்தால் போதும், மின்விசிறி மெல்ல ஓடட்டும். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோலிலுள்ள எண்ணெய் உருகி மஞ்சளாகி வெந்துவிடும்.

இப்போதுதான் முழு வேலையிலும் கவனம் தேவைப்படும் நேரம் வருகிறது. கொயோட்டியை முடி வெளியே தெரியும்படிதான் விற்க வேண்டும். அதனால் பாதிக் காய்ச்சலில் கழற்றித் திருப்ப வேண்டும். எப்போது என்பதற்குக் கடிகாரம் உதவாது. அறையின் ஈரத்தைப் பொறுத்துச் சில மணி நேரத்திலும் ஆகலாம், ஒரு நாளும் எடுக்கலாம். புறங்கையால் முதுகைத் தொடுங்கள். ஈரம் ஒட்டக்கூடாது, பசை காய்ந்த காகிதம் போல லேசாகப் பிடிக்க வேண்டும். மடக்கினால் மடங்க வேண்டும், சத்தம் வரக்கூடாது. காது, அக்குள், உதடு இன்னும் மெத்தென்று இருக்கும், இருக்கட்டும். சீக்கிரம் திருப்பினால் தோல் பலகையில் ஒட்டிக்கொண்டு உள்ளே புழுங்கும். தாமதித்தால் தலை திரும்பாது, வற்புறுத்தினால் கழுத்தில் வெடிக்கும். காய்ந்துவிட்டது என்று தெரிந்தால் இழுக்காதீர்கள். ஈரத் துணியைத் தலை, கழுத்து மீது சிறிது நேரம் போட்டு இளக்கிவிட்டுத் திருப்புங்கள். இரவு தூங்கப் போகுமுன் ஒரு முறை தொட்டுப் பார்க்கும் பழக்கம் பல தோல்களைக் காப்பாற்றும்.

திருப்பியதும் மறுபடி ஏற்றி, முடியைச் சீவிவிட்டு, கால்களை வெளியே இழுத்துத் தொங்கவிட்டு, முழுக்கக் காயும்வரை சில நாட்கள் விட்டுவிடுங்கள். காதின் அடியும் உதடும்தான் கடைசியில் காயும் இடங்கள். அவை விறைக்கும்வரை கழற்ற வேண்டாம்.

வைப்பது, விற்பது

கழற்றிய தோலை மூக்கில் கம்பி வளையம் போட்டு, இருட்டான குளிர்ந்த இடத்தில் தனித்தனியாகத் தொங்கவிடுங்கள். எலியும் தோல் தின்னும் வண்டும் எட்டாத இடமாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை ஆகாது, வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். விற்பதற்கு முந்தைய நாள் கம்பிப் பிரஷ்ஷால் கழுத்திலிருந்து வால் வரை சீவி, காற்றழுத்தக் குழாய் இருந்தால் முடியின் எதிர்த்திசையில் ஊதிவிடுங்கள். மரத்தூளும் பொடுகும் பறந்து முடி எழும்பி நிற்கும். இந்தப் பத்து நிமிட வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள், ஏன் என்று எனக்குப் புரிவதில்லை. அனுப்புவதாக இருந்தால் மடிக்காமல் அட்டைப் பெட்டியில் நீளவாக்கில் அடுக்குங்கள்.

இத்தனையும் செய்ய நேரமில்லை என்றால் உரித்த பச்சைத் தோலையே உறைய வைத்து விற்கலாம். தோல்பக்கம் உள்ளே வரும்படி தளர்வாகச் சுருட்டிப் பையில் கட்டி ஃபிரீசரில் வைக்க வேண்டும். முழு விலங்காகவே வாங்கும் வியாபாரிகளும் உண்டு. விலை குறைவுதான். ஆனால் முதல் பருவத்தில் பாதியைப் பச்சையாக விற்று, மீதியைக் காயவைத்து விற்று, உங்கள் உழைப்புக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். பயிற்சிக்குக் குண்டு சிதைத்த, தேய்ந்த தோல்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

தரம் பிரிக்கும்போது பார்ப்பது நிறம், அடர்த்தி, நீளம், சேதம். மேற்குச் சமவெளியின் வெளிர்ந்த, பட்டு போன்ற முடிக்கு மதிப்பு அதிகம். கிழக்குப் பகுதியினது உடல் பெரியதாக இருந்தாலும் முடி முரடாக, கருத்து இருக்கும், விலை இறங்கும். இது உங்கள் கைவேலையால் மாறாது, அதனால் ஒன்டாரியோவில் இருந்துகொண்டு மொன்டானா விலையை எதிர்பார்க்க வேண்டாம். ஊர் வியாபாரியிடம் பணம் உடனே கைக்கு வரும். ஏலத்தில் காத்திருக்க வேண்டும், கமிஷன் போகும், ஆனால் பல நாட்டு வாங்குபவர்கள் முன் தோல் விரியும்.

அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் பட்டியலில் கொயோட்டி இல்லை. ஓநாய், பாப்கேட் என்ற காட்டுப்பூனை ஆகியவற்றின் தோல்களுக்குத் தேவைப்படும் அந்த அனுமதிச் சீட்டு இதற்கு வேண்டாம். ஆனாலும் அமெரிக்காவிலிருந்து விற்பனைக்காக வெளிநாட்டுக்கு அனுப்பினால் வனவிலங்குத் துறையின் 3-177 அறிவிப்புப் படிவம் கட்டாயம். கனடாவில் மாகாணத்தை விட்டு வெளியே போகும்போதே பல இடங்களில் தனி அனுமதி கேட்பார்கள். தபாலில் போடுவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். நேரில் விற்கிறீர்கள் என்றால், எந்தத் தோலுக்கு ஏன் விலை குறைத்தார் என்று வாங்குபவரிடமே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் முடியை விலக்கி அந்த இடத்தை விரல் வைத்துக் காட்டுவார்கள். ஒவ்வொரு தோலின் கழுத்திலும் தேதியும் காயவைத்த விதமும் எழுதிய சிறு சீட்டு கட்டியிருந்தால், அவர் காட்டும் குறை எந்தப் படியில் வந்தது என்று அங்கேயே கண்டுபிடித்துவிடலாம்.